பார்த்த இடத்தில் காணவில்லை

கறுப்பாகப் போகிறதா? முப்பத்திரண்டு வருடத் தாதி வேலையில் நான் மனிதர்களிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். வயிற்றுக்குள் எங்கேயாவது இரத்தம் கசிந்தால், அது குடல் வழியே இறங்கி மலத்தோடு வருவதற்குள் தார் போலக் கறுத்துவிடும். அதனால் கேட்கத்தான் வேண்டும். ஒருமுறை கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர், "கொஞ்ச நாளா ஒரே களைப்பு" என்று சொல்ல, நான் வாய் தவறி அங்கேயும் கேட்டுவிட்டேன். என் மகள் மேசைக்கடியில் காலை மிதித்தாள். அந்த மனிதர் சோற்றில் கையை வைத்தபடி யோசித்துவிட்டு, "ஓம், கறுப்பாத்தான் போகுது" என்றார். அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போனோம். வயிற்றில் புண்.

ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. போன மாதம் நான் வேலை செய்த பழைய பிரிவிலிருந்து அங்குள்ள தாதிப் பிள்ளைகள் அழைத்தார்கள். புதிய கமரா இயந்திரம் வந்திருக்கிறதாம், கணினியில் புதிய படிவமும் வந்திருக்கிறதாம். வந்து பார்த்துவிட்டு, இளம் தாதிகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். போனேன். படிவத்தை ஒரு பிள்ளை திரையில் காட்டினாள். எல்லாவற்றுக்கும் பெட்டி. மது என்ற இடத்தில் மூன்று பெட்டி: ஆம், இல்லை, மறுக்கிறார்.

அந்த மூன்றாவது பெட்டியைக் கண்டதும் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றேன். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வடமராட்சியில் பிறந்தவள். தாதிப் பயிற்சி முடித்து மாத்தளை மாவட்டத்துக்கு நியமனம் வந்தபோது, இரண்டு வருடத்தில் ஊருக்கு மாற்றம் எடுத்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். சண்டைக் காலம். பாதை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. பிறகு கல்யாணம், பிள்ளை, வீடு என்று இங்கேயே நின்றுவிட்டேன். கடைசிப் பதினான்கு வருடம் கமரா அறையில். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கிற அறையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம்.

அங்கே எங்கள் சேர், அதாவது பெரிய டொக்டர், காலி ஊர்ப் பக்கத்துச் சிங்களவர். ஒல்லியானவர், குரல் உயராது. குழாய் விடும் முன் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நோயாளியின் வயிற்றை நாலு பக்கமும் தொட்டுப் பார்ப்பார். குழாய் உள்ளே போனபின் அறையில் யாரும் பேசக் கூடாது. எதையாவது கண்டாலும் உடனே சொல்லமாட்டார். நோயாளி மூன்று மூச்சு விடும்வரை குழாயை அசைக்காமல் பிடித்திருப்பார். ஓடுகிற இரத்தமா, ஒட்டிக் கிடக்கிற பழைய இரத்தமா என்பது அந்த மூன்று மூச்சில் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

நான் சேர்ந்த முதல் வாரம், ஒன்றும் தென்படாத ஒரு நோயாளிக்குப் பதிவுப் புத்தகத்தில் 'சாதாரணம்' என்று எழுதினேன். அவர் என் கையிலிருந்த பேனையை வாங்கி அந்தச் சொல்லை வெட்டினார்.

"இரத்தம் போன மனுசனுக்கு எப்படிச் சாதாரணம்?" என்று சிங்களத்தில் கேட்டார். "பார்த்த இடத்தில் காணவில்லை என்று எழுதுங்கள்."

அப்படிப்பட்டவரும் நானும் சேர்ந்துதான் சரீப் நானா விஷயத்தில் பிழை விட்டோம்.

சரீப் நானாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பல்லேபொலப் பக்கம் மிளகும் கராம்பும் உள்ள சின்னத் தோட்டம். ரமழான் நோன்பின் இரண்டாவது வாரத்தில் முதல் தடவை வந்தார். கறுப்பாகப் போயிருந்தது, தலைசுற்றல். நோன்பு பிடித்த வயிறு, புண் வந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். குழாய் விட்டபோது இரைப்பையில் லேசான சிவப்பு மட்டும். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

நோன்பு முடிய நாலைந்து நாள் இருக்கும்போது மறுபடி வந்தார். இந்தமுறை இரத்தமாகவே வாந்தி எடுத்திருந்தார். அடுத்த நாள் காலையில் பார்த்தோம். கட்டிபட்ட இரத்தம் கிடந்தது. அது எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. பார்த்த இடத்தில் காணவில்லை என்று ஒழுங்காக எழுதினேன். வார்டில் ஒரு இளம் டொக்டர், சரீப் நானாவின் மனைவி நஸீமா பக்கத்தில் நிற்க, உரத்த குரலில் கேட்டார்: "குடிக்கிறதா? எவ்வளவு? உண்மையைச் சொல்லுங்க." சரீப் நானா இல்லையென்று தலையை ஆட்டினார். நோயாளியின் குறிப்புத் தாளான டிக்கட்டில் ஆங்கிலத்தில் விழுந்தது: மது, மறுக்கிறார். குடிப்பதில்லை என்று எழுதியிருக்கலாம். நான் என் பதிவுப் புத்தகத்தில் அதை அப்படியே பார்த்து எழுதினேன். கை கொஞ்சமும் தயங்கவில்லை.

ஸ்கேனுக்கு முறை வர இரண்டு வாரமாகும் என்றார்கள். இரத்தம் ஏற்றி, பெருநாளுக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெருநாள் முடிந்த அடுத்த வாரம் மூன்றாவது தடவை வந்தார். இப்போது கண் மஞ்சள். வார்டில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. மஞ்சள் கண்ணும் இரத்த வாந்தியும் சேர்ந்தால் குடியால் கெட்ட கல்லீரல், உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் என்றுதான் படித்திருக்கிறோம். சேரும் அப்படித்தான் நினைத்தார். நாளங்களைக் கட்டுவதற்கான வளையங்களை எடுத்து வைக்கச் சொன்னார்.

நான் அவற்றை எடுக்கப் போகும் வழியில் நஸீமா என்னைத் தாழ்வாரத்தில் மறித்தார்.

"மிஸ், நீங்க தமிழ் ஆள். என்கிட்ட மறைக்க வாணாம். இவரு குடிக்கிறாரா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு மாசத்துக்கு மேல எனக்கு முதுகக் காட்டிட்டுத்தான் படுக்கிறாரு. சேர்ட்டுல ஒரு எண்ணெ வாட. என்னான்னு கேட்டா கோவிக்கிறாரு. பள்ளிவாசல்ல ஆக்கள் ஒரு மாதிரியாப் பாக்குறாங்களாம், மவன் வந்து சொல்றான். நாங்க ரெண்டு பேரும் இந்த வருசம் ஹஜ்ஜுக்குப் போக ஈக்குற ஆக்கள் மிஸ்."

"டொக்டர்மார் பாப்பினம். நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றேன்.

பதில் இல்லாதபோது சொல்கிற பதில் அது. நாலு வயதுக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். அதைவிட மோசமானது, எண்ணெய் வாடை என்று அந்தப் பெண் சொன்னதை நான் காதில் வாங்கியும் கையில் எடுக்கவில்லை. வளையங்களோடு உள்ளே போய்விட்டேன்.

அன்று காலையிலேயே அவருக்கு வலி தொடங்கியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே, சுருட்டிச் சுருட்டி. தொண்டைக்கு மரப்பு மருந்து அடித்து, இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, வாயில் கடிகட்டையை வைத்தேன். என் வேலை அவர் தலையைப் பிடித்திருப்பது. குழாய் இறங்கியது. உணவுக்குழாய் வழுவழுவென்று இருந்தது. ஒரு நாளம்கூடப் புடைக்கவில்லை. சேர் இன்னொரு தடவை மேலே இழுத்து இறக்கிப் பார்த்தார். இல்லை. குடியால் கெட்ட கல்லீரல் என்று நாங்கள் கட்டி வைத்தது அந்த அரை நிமிடத்தில் சரிந்துவிட்டது.

இரைப்பையிலும் புண் இல்லை. சேர் குழாயை இன்னும் உள்ளே தள்ளி, இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கி வளைகிற இடத்துக்குக் கொண்டுபோனார். தண்ணீர் அடித்துக் கழுவினார். பிறகு நிறுத்தினார். சரீப் நானாவின் கன்னம் என் உள்ளங்கையில் வியர்த்திருந்தது. ஒரு மூச்சு. குடல் சுவரில் சின்ன மொட்டுப் போல ஒரு மேடு தெரிந்தது. இரண்டாவது மூச்சு. அந்த மேட்டின் நுனியிலிருந்து சிவப்பு நூல் ஒன்று மெல்ல நீண்டது. மூன்றாவது மூச்சில் நூல் அறுந்து, புது இரத்தம் பொட்டென்று விழுந்தது.

சேர் அறையில் பேசக் கூடாது என்ற தன் சட்டத்தைத் தானே மீறினார்.

"இது பித்தம் வரும் வாசல். இரத்தம் கல்லீரலுக்குள்ளே இருந்து வருகிறது. இந்த மனுசனுக்கு எங்கேயோ அடிபட்டிருக்கிறது. கேளுங்கள்."

கல்லீரலுக்குள் கிழிவு ஏற்பட்டால், சில வேளை ஒரு சின்ன இரத்தக் குழாய் பித்தக் குழாய்க்குள் திறந்துகொள்ளும். இரத்தம் அங்கே கட்டிபட்டு அடைக்கும்போது வலிக்கும், கண் மஞ்சளாகும். அடைப்பு நழுவினால் வலி விட்டு இரத்தம் குடலில் கொட்டும். சில நாள் ஒன்றும் இராது, பிறகு மறுபடி. அடிபட்டு வாரக்கணக்கான பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம் தொடங்கும். இதை நான் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை. சேர் தன் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோதான் கண்டிருந்தார்.

குழாயை எடுத்து, அவரைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனோம். நஸீமா தலைமாட்டுக்கு வந்துவிட்டார்.

"நானா, எங்கையாவது விழுந்தனீங்களோ? அடி கிடி பட்டதோ?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ்" என்றார், மரத்த நாக்கோடு. "நான் எங்க விழப் போறேன்."

ஆனால் அவர் கண் மனைவியைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கை வலது விலாவுக்குப் போனது. நான் நஸீமாவிடம், அவர் கொஞ்ச நேரத்தில் குடிக்கலாம், கென்டீனில் பிளேன்டீ வாங்கி ஆற வையுங்கள் என்றேன். அது பொய். அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. நஸீமா போனதும் கதவைச் சாத்தினேன்.

"இப்ப சொல்லுங்கோ. சொல்லாட்டி இரத்தம் போய்க்கொண்டே இருக்கும்."

அவர் கூரையைப் பார்த்தார். "கராம்பு ஆயப் போனேன் மிஸ். ஏணி சரிஞ்சிட்டு. கல்லு மேல இந்தப் பக்கம் அடிச்சிச்சு."

"எப்ப?"

"நோன்புக்கு ஒரு கிழம முந்தி."

"மூண்டு தரம் வந்தும் ஏன் சொல்லயில்லை?"

"எட்டு வருசம் காத்துட்டு ஈந்து ஹஜ்ஜுக்குப் பேரு வந்தது மிஸ். மூத்தவனுக்குத் தெரிஞ்சா பயணத்த நிப்பாட்டிப் போடுவான். போன வருசமே மரத்துல ஏற வாணாம்னு சண்ட புடிச்சவன். நாட்டு வைத்தியரு ஒராளு எண்ணெ தந்தாரு, தடவிட்டு ஈந்தேன். நோவும் கொறஞ்சிச்சு. விழுந்ததுக்கும் இந்த இரத்தத்துக்கும் சம்பந்தம் ஈக்குதுன்னு நான் கண்டேனா? இங்க ஒருத்தரும் அதக் கேக்கவும் இல்லயே. எல்லாரும் குடிக்கிறியா குடிக்கிறியான்னுதான் கேட்டாங்க."

நான் நாற்காலியை அவர் கட்டிலருகே இழுத்துப் போட்டேன்.

"மனுசிக்குச் சொல்ல வேணும் நானா. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

"வாணாம் மிஸ். அவவும் எவ்வளவு காலமா ஆசப்பட்டுட்டு ஈக்குறா."

அப்போது ஒன்று சொன்னேன். ஒரு நோயாளியின் மனைவி என்னிடம் தனியாகச் சொன்னதை அவரிடம் சொல்லியிருக்கலாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "அவ நீங்கள் குடிக்கிறீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். டொக்டர்மார் அத்தனை தரம் கேட்டபோதும் அந்த முகத்தில் அப்படி ஒரு அடி விழுந்ததை நான் காணவில்லை.

"நஸீமாவா?" என்றார். விலாவிலிருந்த கையை எடுத்துவிட்டு, "அப்ப கூப்பிடுங்க" என்றார்.

நஸீமா பிளேன்டீயோடு வந்தார். சரீப் நானா இரண்டே வசனத்தில் சொல்லி முடித்தார். நஸீமா கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் தந்தார்.

"மரத்துலயா? மரத்துல இருந்தா விழுந்தீங்க?" குரல் உயர்ந்துகொண்டே போனது. "அல்ஹம்துலில்லாஹ்! யா அல்லாஹ், மரத்துல இருந்து!"

புருசன் மரத்திலிருந்து விழுந்ததற்கு இறைவனுக்கு நன்றி சொன்ன ஒரு பெண்ணை அன்றைக்குத்தான் கண்டேன். வாசலில் நின்ற அட்டென்டன் சிரித்துவிட்டார். நஸீமாவும் சிரித்தார். பிறகு கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

அம்புலன்சில் நான் கூடப் போனேன். காலை பத்தரை இருக்கும். அக்குறணைக் கடைத்தெருவில் வாகனங்கள் அசையவே இல்லை. அங்கேதான் அவருக்கு மறுபடி கொட்டியது. வாந்தி என் மடியெல்லாம். நாடி என் விரலுக்குக் கீழே நூலாகி, நூலும் இல்லாமல் போய், திரும்பி வந்தது. இரத்தப் பையை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தேன். முன்னாலிருந்த நஸீமா யன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினார். தொப்பி போட்ட கடைக்காரர் இரண்டு பேர் நடுத்தெருவில் இறங்கி, பஸ்ஸின் முகப்பில் அடித்து ஒதுக்கி, எங்களுக்கு வழி எடுத்துக் கொடுத்தார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியது எனக்கு நினைவில்லை.

கண்டியில் தொடை மடிப்பில் ஒரு மெல்லிய குழாயை ஏற்றி, கல்லீரல்வரை கொண்டுபோய், கிழிந்த இரத்தக் குழாயைச் சின்னக் கம்பிச் சுருள்களால் அடைத்தார்கள். வயிற்றை வெட்டவில்லை. பதினோராம் நாள் வீட்டுக்கு நடந்து போனார்.

ஒரு மாதம் கழித்து எங்கள் கிளினிக்குக்கு வந்தார். சேர் பழைய டிக்கட்டை எடுத்துவரச் சொன்னார். மறுக்கிறார் என்று இருந்த மூன்று இடத்தையும் தேடிப் பிடித்து வெட்டி, குடிப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு எழுந்து நின்று, "எனக்குப் பிழை நடந்துவிட்டது" என்றார். சரீப் நானாவும் பதறி எழுந்துவிட்டார். இரண்டு பேரும் யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். என் பதிவுப் புத்தகத்தை நானே திருத்தினேன். அந்த வருடம் அவர்கள் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. அடுத்த வருடமும் இடம் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் போனார்கள்.

பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இந்தக் கதையைத்தான். போன மாதமும் சொன்னேன். கைதட்டினார்கள். கைதட்டல் முடிவதற்குள் எனக்கு மறுபடி யன்னலடிக்குப் போகவேண்டும் போல இருந்தது. ஏனென்றால் இதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

சரீப் நானாவுக்குப் பிறகு பழைய பதிவுப் புத்தகங்களைப் புரட்டுகிற பழக்கம் எனக்குப் பிடித்துக்கொண்டது. மத்தியானத்தில் வேலை குறைந்தால், பார்த்த இடத்தில் காணவில்லை என்று எழுதிய பெயர்களைத் தேடுவேன். பலர் மறுபடி வந்து காரணம் தெரிந்தவர்கள். சிலர் இறந்துவிட்டார்கள். ஒரு பெயர் மட்டும் எதிலும் சேராமல் நின்றது. காமாட்சி, தோட்டத் தொழிலாளி, நாற்பத்தாறு வயது. மூன்று வருடத்துக்கு முன் மேலாலும் கீழாலும் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறோம். இரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அதற்குப் பிறகு வரவில்லை. நாங்களும் தேடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, பிறகு முச்சக்கரவண்டியில் ஏறி, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் போனேன். செத்திருப்பாள் என்ற பயம் வழியெல்லாம் இருந்தது. அவள் தண்ணீர் கொட்டும் பீலியடியில் வெறுங்காலோடு துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி மிஸ் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து நாற்காலி போட்டாள்.

"இப்ப கறுப்பாப் போறதில்லையோ?"

"எப்பவாச்சும் போகுங்க மிஸ். நான் அதெல்லாம் பாக்குறதில்லைங்க. பாத்தா மட்டும் என்ன பண்ணப் போறேன்? களப்பாத்தான் இருக்கும். கொழுந்து எடுக்கிறவங்களுக்குக் களப்பு இல்லாம இருக்குமா?"

என் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாத்திரை, வலி, மஞ்சள். கடைசியில், எங்கேயாவது விழுந்தாளா என்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இந்த மலையில யாருங்க மிஸ் விழாம இருக்கா?"

அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். காகிதம் போல வெளுத்திருந்தது. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம், முதல் பஸ்ஸில் வாருங்கள் என்றேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள்.

இந்தமுறை சேர் கமராவைத் தொடவில்லை. அவள் பாதங்களைப் பார்த்தார். மலப் பரிசோதனைக்கு எழுதினார். பதினொரு மணிக்கு ஆய்வுகூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு நுண்காட்டியில் பார்க்கச் சொன்னார்கள். முட்டை முட்டையாகக் கிடந்தது. கொளுக்கிப் புழு. வெறுங்கால் வழியாக ஏறி, சிறுகுடலில் கூட்டமாகத் தொங்கி இரத்தம் குடிக்கிற புழு. அதெல்லாம் இந்த நாட்டில் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தனை குழாய் விட்டோமே, ஒரு மலப் பரிசோதனை செய்யவில்லை. காசில்லாத பரிசோதனை. கேட்டால் போதும்.

மூன்று நாள் மாத்திரை கொடுத்தோம். இரண்டு மாதத்தில் இமை சிவந்தது. "இப்ப மேட்டுல ஏறுனா மூச்சு வாங்கலைங்க மிஸ்" என்று காமாட்சி வந்து சொன்னாள். அதுவரைக்கும் எல்லோருக்கும் அப்படித்தான் மூச்சு வாங்கும் என்று நினைத்திருந்தாளாம்.